அதிர்வு மேடையில் கேட்ட சத்தம்

என் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான்.

பெங்களூரில் விண்வெளிக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் உதவியாளனாக இருக்கிறேன். ராக்கெட்டின் குலுக்கலைத் தாங்குமா என்று பார்க்க, கருவியை மேடையில் பொருத்திக் குலுக்குவோம். ஒரு நாள் வந்தது விண்வெளித் தொலைநோக்கிக்கான டிடெக்டர். நட்சத்திர வெளிச்சத்தைப் பிடிக்கும் அது அப்பளம் போல மெல்லியது. அதற்கு மூடி போட்டு, மேடையில் பொருத்தும் போல்ட்டுகளை நான் முறுக்கினேன், எங்கள் பொறியாளர் கீதா மேடம் சரிபார்த்தார்.

குலுக்கத் தொடங்கியதும் மூடிக்குள் ஏதோ படபடவென்று தட்டியது. உடனே மேடையை நிறுத்தினார்கள்.

"ஏனப்பா, ஒழுங்கா முறுக்கினியா இல்லையா?" என்று அதிகாரி கேட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நான்தான் சார் சரி பாத்தேன். உடைஞ்சிருந்தா என்னைக் கேளுங்க" என்றார் மேடம். உள்ளே என்ன ஆனது என்று அப்போது அவருக்கும் தெரியாது.

மூடியைத் திறந்தோம். டிடெக்டரில் ஒரு கீறல்கூட இல்லை. அதிர்வை அளக்கும் சென்சாரின் ஒயரை ஒட்டியிருந்த டேப் விட்டுப்போய், அந்த ஒயர்தான் தட்டியிருக்கிறது. எனக்குப் போன உயிர் வந்தது.

"அய்யோ, அந்த டேப்பை ஒட்டுனதும் நான்தான்" என்று மேடம் தலையில் கை வைத்துச் சிரித்தார்.

யாரிடமும் அதிகம் பேசாத நான், "விடுங்க மேடம், வாங்க டீ குடிக்கலாம்" என்றேன்.

தப்பு யாருடையது என்று தெரியும் முன்பே எனக்காக ஒருவர் முன்னால் வந்து நிற்பார் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. இதை எழுத இன்றுதான் துணிவு வந்தது.

9 மார்ச் 2003, ஞாயிற்றுக்கிழமை.