செல்லாத வில்லைக்கு ஒரு டீ

கடையில் அன்றைக்கு இருந்தது நாலு பேர். கல்லாவில் முதலாளி. அடுப்படியில் டீ மாஸ்டர். பெஞ்சில், சீசனுக்கு மெட்ராசிலிருந்து வந்த ரிட்டயர்ட் ஆபீசர். கீழே, பூம்பாறையிலிருந்து கொண்டுவந்த பூண்டு மூட்டை மேல் நான். பெஞ்சில் இடம் இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

நயா பைசா வந்து ரெண்டு மூணு வருசம் ஆகியிருக்கும். ஆபீசருக்கு வேறு சோலி கிடையாது. யுத்த காலத்துக் கடை வில்லை சேர்த்தார். யுத்தத்தில் சில்லறை கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் தகரத்தை வெட்டி, முத்திரை குத்தி, பாக்கிச் சில்லறைக்குப் பதில் கொடுத்தார்கள். இந்தக் கடை முதலாளியும் கொடுத்தார். வில்லைக்கு ஒரு டீ என்று பேச்சு.

யுத்தம் முடிந்ததும் ஒன்றை நீட்டினேன். சந்தைக் கூட்டம் பார்க்கத் தெருவில் விட்டெறிந்தார்.

"ஏலே, சண்டையே முடிஞ்சு போச்சு. இது செல்லாது, போ."

டீ போனது பெரிசில்லை. கூட்டம் சிரித்தது. அது போகவில்லை.

ஆபீசர் சொன்னார்: "இந்தக் கடை வில்லை என்கிட்ட இல்லை. ஒண்ணு கிடைச்சா பத்து ரூபாய் தர்றேன்."

முதலாளி காதில் பத்து மட்டும் விழுந்தது. ஆபீசர் போனதும் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"பூம்பாறையில அந்த வில்லை கெடக்காப்பா?"

"கெடக்குங்க. முக்கால்வாசி கூரைத் தகரத்துல, மழை ஒழுகாம ஆணிக்கு அடியில."

"பிடுங்கிக் கொண்டாங்க. வில்லைக்கு ஒரு டீ. எப்பவும் போல."

"எப்பவும் போலன்னா, செல்லாதுன்னுல்ல சொன்னீங்க?"

டீ மாஸ்டர் அடுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"செல்லும்யா, செல்லும்."

"அதைச் சந்தையில வச்சுச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையன்று முதலாளி கடை வாசலில் நின்று சொன்னார், தொண்டை கட்டும்வரை. பூம்பாறையே வெள்ளனே வந்திருந்தது. என் கூரையிலிருந்து வந்ததை நானே நீட்டினேன்.

"ஆணி ஓட்டை இருக்கே. இதுக்கு அரை டீதான்."

"ஓட்டை வில்லையிலங்க. கிளாசுல இல்ல."

முழு டீ வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து குடித்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் பதினோரு டீ குடித்து வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த வில்லையை நீட்டினார்.

'ஒண்ணு' என்று ஆபீசர் சொன்னது எனக்குக் கேட்டிருந்தது. அதைச் சொல்வது என் சோலி இல்லை.

சாயங்காலம் ஆபீசர் வந்தார். முதலாளி பெட்டியை மேசையில் கவிழ்த்தார்.

"இருநூத்திப் பதிமூணு இருக்குங்க. எண்ணிட்டேன்."

ஆபீசர் ஓட்டை இல்லாததாக ஒன்றைப் பொறுக்கினார். பத்து ரூபாய் வைத்தார்.

"மத்ததுங்க?"

"எதுக்கு? ஒரு கடைக்கு ஒண்ணு போதும்."

முதலாளி திரும்ப அள்ளிப் பெட்டியில் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு.