நாலு மணி நேரத் தூக்கம்

மதலேன்மேரிக்கு வயசு நாற்பத்தாறு. ஒரு லேப்புக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை. முதலியார்பேட்டையிலிருந்து தவளக்குப்பம் வரைக்கும் அவள் பகுதி. விடிந்ததும் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், ஒன்பது மணிக்குள் எல்லா வீட்டையும் முடித்துவிட வேண்டும். ஊசி குத்தினதே தெரியலை என்று ஜனங்கள் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பெல் அடிக்கும் முன்னால் "சேசுவே, கூட வாங்க" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். பல நாள் அது வெறும் பழக்கமாகத்தான் இருக்கும். சொல்லி முடிப்பதற்குள் மனசு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்.

தவளக்குப்பத்தில் கோபிநாத் வீட்டுக்கு முதல் தடவை போன அன்றைக்கு வழியில் டயர் பஞ்சர். முக்கால் மணி நேரம் தாமதம். ரத்தம் எடுக்க வேண்டியது அவன் அம்மா செல்வாம்பாளுக்கு. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டுமென்பதால் அந்தம்மா பசி தாங்காமல் அழுதுகொண்டிருந்தாள். கோபிநாத் தெருவில் நின்றே கத்தினான். எதிர்வீட்டு மாடியிலிருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மதலேன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தாள். அதோடு விட்டானா? லேப்புக்குப் போன் போட்டுப் புகாரும் சொன்னான். மேனேஜர் அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துப் பேசினார்.

ரெண்டு வாரம் கழித்து லிஸ்டில் மறுபடியும் அதே பேர். அந்த ஒரு வீட்டை மட்டும் பார்த்துக்கொள்ளும்படி கூட வேலை செய்யும் சந்திரகலாவிடம் கேட்டாள். அவளுக்கு அன்றைக்கு வார லீவு, முடியாது என்று சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் மதலேன் போனாள். அன்றைக்குப் பெல் அடிக்கும்போது சேசுவைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. கோபிநாத் வந்து திறந்தான். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தான். கன்னத்தில் நகக் கீறல். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தான். இன்றைக்கு என்ன பேச்சு வாங்கப் போகிறோமோ என்று அவள் தயாராகத்தான் நின்றாள். அவனோ உள்ளே கைகாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

செல்வாம்பாள் கட்டிலில் உட்காராமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சங்கு ஊதிடுச்சு. கதவத் தொறடா" என்று மகனை விரட்டினாள். முப்பது வருஷம் மில்லில் நூல் சுற்றினவள். மறதி வந்த பிறகு மற்றதெல்லாம் போய்விட்டது, மில் மட்டும் மிச்சம். தினமும் மூணு மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்புகிறாள், தடுத்தால் அடிக்கிறாள் என்று கோபிநாத் தரையைப் பார்த்தபடி சொன்னான். ஒரு தடவை கடலூர் ரோட்டில் லாரிக்கு முன்னால் நின்றிருந்தாளாம். அதிலிருந்துதான் பூட்டும் சாவியும். அவன் சம்பளமில்லாத லீவில் இருந்தான். கண்ணோடு கண் மூடிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

மதலேனின் அப்பாவும் மில்காரர்தான். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அந்தம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "இன்னைக்கு மில்லு லீவும்மா. நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. பாத்துட்டுத்தான் வரேன்."

செல்வாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாவா வேம்பு?"

வேம்பு யாரோ, கூட வேலை பார்த்தவளாக இருக்கும். "நெசந்தான்" என்றாள் மதலேன். கிழவியின் தோள் தளர்ந்தது. கை தானாக நீண்டது. ரப்பர் பட்டையைக் கட்டி ஊசியை ஏற்றினபோது, அந்தக் கை ஆடாமல் கோபிநாத் பிடித்துக்கொண்டிருந்தான். குழாய் பாதி நிறைவதற்குள் அவன் பிடி நழுவியது. தலை கட்டில் சட்டத்தில் சாய்ந்திருந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப் போயிருந்தான்.

எழுப்பத்தான் போனாள். மணி ஏழு, இன்னும் ரெண்டு வீடு பாக்கி. ஆனால் வாய் திறந்து தூங்கும் அந்த முகத்தில், தெருவில் நின்று கத்தின ஆளைக் காணோம். அவள் வாசலுக்கு வந்து போன் போட்டாள். பாக்கி ரெண்டு வீட்டிலும் நாளைக்கு வருவதாகச் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தாள். லீவிலிருந்த சந்திரகலா திட்டிக்கொண்டே வந்து ஐஸ் பெட்டியை லேப்புக்கு எடுத்துப்போனாள்.

அடுக்களையில் இட்லி மாவு இருந்தது. ஊற்றி எடுத்து அந்தம்மாவுக்கு ஊட்டினாள். கொல்லையிலிருந்து முருங்கைக் கீரை ஒடித்து வந்து முறத்தில் போட்டாள். செல்வாம்பாளின் விரல்கள் கீரையை மறக்கவில்லை. ரெண்டு பேரும் ஆய்ந்தார்கள். வேம்புவின் மாமியார் கொடுமையைப் பற்றி அந்தம்மா விசாரித்தாள். மதலேனும் தன்னால் முடிந்தவரை அந்த மாமியாரைத் திட்டினாள்.

பதினோரு மணிக்குக் கோபிநாத் அலறியடித்துக்கொண்டு எழுந்தான். "அம்மா எங்க?"

"இங்கதான் இருக்காங்க தம்பி. சாப்பிட்டாச்சு."

அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றான். அம்மா முறத்திலிருந்து தலை தூக்கவேயில்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"அன்னைக்கு உங்கள அப்படிப் பேசினேன். நீங்க எதுக்குக்கா ஒக்காந்தீங்க?"

"எனக்கு வரவே இஷ்டமில்ல தம்பி. ஆள் மாத்திவிடக் கேட்டுப் பாத்தேன், கெடைக்கல. எங்க சாமி பின்னாலயே வந்து தள்ளிவிட்டாரு போல."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டாள். சென்னையில் அக்கா மாலா இருக்கிறாள், அவளிடம் எதுவும் சொல்லவில்லை, அவளுக்கு இருக்கிற கஷ்டமே போதும் என்றான். இப்பவே சொல்லுங்க என்று மதலேன் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் பேசி முடிக்கிறவரை அந்தம்மாவோடு கொல்லையில் இருந்தாள்.

மாலா மறுநாளே பஸ் ஏறி வந்தாள். மாதத்தில் பாதி அவள், பாதி இவன் என்று ஏற்பாடானது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். செல்வாம்பாள் இப்போது ஐந்து மணி வரை தூங்குகிறாள். அவள் எழுந்ததும் இவர்கள் கேட்டைப் பூட்டி வைப்பதில்லை. கையைப் பிடித்துத் தெருக்கோடி வரை கூட்டிப்போய்த் திரும்புகிறார்கள். ஷிப்ட் முடிந்த திருப்தியில் காபி கேட்கிறாள்.

ரெண்டு வீட்டைத் தள்ளிப்போட்டதற்கு அன்றைக்கும் மேனேஜர் பேசினது பேசினதுதான். மதலேன் கேட்டுக்கொண்டாள். வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் அந்த வீட்டுக்குப் போய் வருகிறாள். போன வாரம் அவள் போனபோது கோபிநாத் வீட்டில் இல்லை. வீராம்பட்டினம் கடற்கரைக்கு நண்பர்களோடு போயிருக்கிறான் என்று மாலா சொன்னாள்.