சின்னண்ணியும் வீங்கும் மண்ணும்

என் சின்னண்ணி மண்ணைக் கடித்துப் பார்ப்பாள். பசிக்கு அல்ல, வேலைக்கு. கட்டிடம் கட்டப்போகிற இடங்களிலிருந்து பை பையாக வரும் மண்ணைச் சோதித்துச் சொல்லும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு உத்தியோகம். சல்லடை, தராசு, உலர்த்தும் அடுப்பு எல்லாம் அங்கே உண்டு. ஆனாலும் முதலில் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்து நெருடிவிட்டுத்தான் மற்ற வேலை. நறநறவென்றால் வண்டல், வழவழவென்று ஒட்டிக்கொண்டால் களிமண். ஒப்பந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கடிக்கிற அக்கா'. ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கூட அப்படித்தான் கேட்பார்களாம்.

நான் அவளுக்கு நாத்தனார். தம்பி மனைவியை அண்ணி என்பது முறையில்லைதான், ஆனால் வீட்டில் அதுவே அவள் பெயராகிவிட்டது. வயதில் அவள் எனக்கு இளையவள், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். குறை கண்டுபிடிப்பது என் பிறப்புரிமை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சமைத்தால் உப்பு போட மறப்பாள். எதைச் சொன்னாலும் "அளவு என்ன?" என்று கேட்பாள். தலைவலி என்றால்கூட "எவ்வளவு வலி?" என்பாள். இவளோடு என் தம்பி எப்படிக் குடித்தனம் நடத்துகிறான் என்று நான் வியக்காத நாள் இல்லை.

கான்கிரீட்டைக் கட்டி கட்டியாக வார்த்துக்கொண்டு வருவார்கள். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்ப்பதும் அவள் வேலைதான். ஒரு தடவை ஒருவர் கொண்டுவந்த கட்டிகள் உடையவே மாட்டேன் என்று அடம்பிடித்தன. சின்னண்ணி அவரைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"அண்ணே, கட்டிடத்துக்கும் இதே கலவைதானா, இல்ல எனக்குன்னு தனியா ஸ்பெஷலா கலந்ததா?"

"என்னக்கா, என்னப் போயி சந்தேகப்படுறீங்க!"

"சந்தேகமெல்லாம் இல்லண்ணே. கட்டிடம் பூரா இவ்வளவு சிமெண்ட் போட்டா உங்களுக்குக் கட்டுப்படி ஆகாதே. அந்த அக்கறைதான்."

அந்த ஆள் அசடு வழிந்துகொண்டு போனாராம். இந்தக் கதையை வீட்டில் அவள் சொன்னபோது என் தம்பி செய்தித்தாளைத் திருப்பினான், என் அண்ணன் கொட்டாவி விட்டார். விழுந்து விழுந்து சிரித்தது பெரியண்ணி மட்டும்தான். அவள் என் அண்ணனின் மனைவி.

அந்தச் சிரிப்பு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. கல்யாணமாகி வந்த சின்னண்ணி, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே குனிந்து முற்றத்து மண்ணைக் கிள்ளினாள். சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உள்ளங்கையில் நூலாகத் திரித்தாள். எங்களுக்கு முகம் போன போக்கைக் கேட்க வேண்டாம். பெரியண்ணி மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அறுபடாம வருதே, எப்படி?" என்று கேட்டாள். "களி நிறைய இருக்குக்கா. இது தண்ணி குடிச்சா வீங்கும், காஞ்சா சுருங்கும். பொல்லாத மண்ணு" என்றாள் இவள். அன்று ஒட்டிக்கொண்டவர்கள்தான் இருவரும். கூடப் பிறந்த அக்கா தங்கைகளுக்குள் அப்படி ஒரு பாசத்தை நான் பார்த்ததில்லை. எனக்கே கொஞ்சம் பொறாமைதான்.

முற்றத்துக்கு இடப்பக்க அறைகள் அண்ணனுக்கு, வலப்பக்க அறைகள் தம்பிக்கு. நடுவில் முற்றம் பொது. அண்ணன் தையல்காரர், தம்பி பஸ் ஓட்டுகிறவன். இருவருக்கும் மோட்டார் சைக்கிள் உண்டு, நிறுத்த நிழல் மட்டும் ஒன்றுதான் உண்டு. யார் வண்டி நிழலில் நிற்பது என்று ஆரம்பித்த பேச்சு, யார் யாரை வளர்த்தது, யார் யாரால் கெட்டது என்று எங்கெங்கோ போய், கடைசியில் முற்றத்தின் நடுவே சுவர் எழுப்புவது என்பதில் வந்து நின்றது. இரண்டு பேரும் வளர்ந்த ஆண்பிள்ளைகள். நான் எடுத்துச் சொல்லப் போய், இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கோடை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விழுந்த சில்லறையைத் திரும்ப எடுக்க முடியாது. கொத்தனார் முழங்கால் ஆழம்கூடத் தோண்டாமல் நூல் பிடித்தார்.

"ஏங்க, இது வீங்கற மண்ணுங்க," என்றாள் சின்னண்ணி புருஷனிடம். "நல்லா ஆழமா தோண்டி, களியை அள்ளிட்டு, கிராவல் மண்ணு போட்டு இடிச்சுட்டுக் கட்டினாத்தான் நிக்கும்."

"வீட்டுலயும் உன் லேப்ப விரிக்காத. இது என்ன பத்து மாடியா? சுவர் தானே!"

அண்ணன் தம்பியிடம் பேசுவதில்லை என்ற வீம்பில் இருந்தார். அதனால் கொத்தனாரைப் பார்த்து, "அவன் சொல்றது சரின்னு அவன்கிட்டச் சொல்லுங்க மேஸ்திரி" என்றார். சுவர் கட்டுகிற விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை.

கொத்தனார் கலவைக்குத் தண்ணீரை ஊற்றினார் ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். கரண்டியில் நிற்கவில்லை. டம்ளரில் கொடுத்தால் குடித்துவிடலாம். தண்ணீர் கூடினால் பூசுவதற்குச் சுகம், காய்ந்த பிறகு பலம் இருக்காது என்பது கொத்தனாருக்குத் தெரியாததல்ல. வெயிலில் கை வலிக்காமல் வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். சின்னண்ணி வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

சுவர் ஆளுயரத்துக்கு எழும்பிவிட்டது. சின்னண்ணி வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். யாரிடமும் அளவு கேட்கவில்லை. பெரியண்ணிக்குப் போன் செய்தால் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று அதுவும் நின்றுபோனது. ஒரு நாள் நான் போனபோது துணி மடித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா இல்லாம இந்த வீட்ல நான் யார்கூடப் பேசுவேன், சொல்லுங்க. இவரு வந்தா டிவி. நீங்க வந்தா குத்தம் சொல்லுவீங்க."

எனக்குச் சுருக்கென்றது. சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை அலமாரிக்குக் கூட்டிப்போனாள். உள்ளே இரண்டு கண்ணாடிக் குடுவைகள். இரண்டிலும் ஒரே அளவு முற்றத்து மண். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் தண்ணீர். மண்ணெண்ணெயில் கிடந்த மண் போட்டபடி சும்மா கிடந்தது. தண்ணீரில் கிடந்ததோ உப்பி இரட்டிப்பாக நின்றது.

"பாத்தீங்களா எப்படி வீங்குதுன்னு? இது கீழேர்ந்து தள்ளினா அந்த நோஞ்சான் சுவரு தாங்குமா?"

"அடிப்பாவி! இடிக்கப் போறியா?"

"நான் எங்க இடிக்கிறேன்? தரை சூடா இருக்குன்னு கொஞ்சம் தண்ணி தெளிக்கிறேன். மீதியை மண்ணு பாத்துக்கும். கட்டிடத்துக்கு வர்ற கெட்டதெல்லாம் தண்ணியில வருது. நல்லதும் அதுலயே வரட்டுமே."

இந்தத் தடவை அவள் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. கண்டபடி ஊற்றவில்லை அவள். சுவரின் நட்டநடுவில் மட்டும், புருஷன் வண்டி எடுக்கப் போனதும், அளந்து அளந்து ஊற்றினாள். நடு மண் வீங்கி எழும்பினால் சுவர் முதுகை வளைக்கும், உச்சியில் பிளக்கும் என்பது அவள் கணக்கு. தெருவோரமாக, சுவருக்குப் பக்கத்திலேயே இருந்த வாசற்படி பக்கம் சொட்டுகூடப் போகாமல் பார்த்துக்கொண்டாள். வீட்டுச் சுவருக்கும் அதே மண்தானே அடியில்.

கணக்கு பலித்தது. சுவரின் உச்சியில் முதலில் ஒரு மயிரிழை. பிறகு விரல் நுழைகிற அளவு. கொத்தனார் வந்து பூசி மெழுகிவிட்டுப் போனார். மறுபடி விட்டது. அண்ணன் கொத்தனாரைத் திட்டினார், கொத்தனார் சிமெண்டைத் திட்டினார், தம்பி செங்கல் சூளைக்காரனைத் திட்டினான். பெரியண்ணியும் சின்னண்ணியும் ஆளுக்கொரு முக்காலி போட்டு ஏறி, அந்தப் பிளவு வழியாக நூல்கண்டு, சீப்பு, பாதி படித்த வாரப்பத்திரிகை எல்லாவற்றையும் கைமாற்றிக்கொண்டார்கள். ஆனால் பிளவு அதோடு நின்றுவிட்டது. சுவர் விழுகிற வழியாக இல்லை. அண்ணன் தம்பி பேசிக்கொள்கிற வழியாகவும் இல்லை.

ஒரு காலையில் சின்னண்ணி வீட்டு வாசற்கதவு திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு இருப்பதே அந்த ஒரு கதவு. ஜன்னலெல்லாம் கம்பி. தம்பி தோளால் இடித்தான், காலால் உதைத்தான். வாசற்படி மேலே எழும்பி நிலைச்சட்டமே கோணிக்கொண்டு கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. அவன் பஸ் கிளம்ப வேண்டிய நேரம். சின்னண்ணி தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க எப்படி வீங்கும்? இங்க வீங்கக் கூடாதே!" என்று அவள் புலம்பியது சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. நான் அப்போது பெரியண்ணியோடு இருந்தேன்.

"மாட்டிக்கிட்டோம்! யாராவது வாங்க!" என்று தம்பி கத்தினான்.

அண்ணன் ஒரு பையனுக்குக் கால்சட்டை வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் கடப்பாரையோடு ஓடினார். தெருவைச் சுற்றிக்கொண்டு போக அவருக்குப் பொறுமை இல்லை. பிளவில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். செங்கல் பொலபொலவென்று உதிர்ந்தது. கொத்தனாரின் தண்ணீர்க் கலவைக்கு அன்றுதான் நான் நன்றி சொன்னேன். ஆள் நுழைகிற அளவு ஓட்டை விழுந்ததும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"டேய், தள்ளுடா!"

"தள்ளிட்டுதான் இருக்கேன்!"

"கீழ தள்ளு, முட்டாளே! மேல எதுக்குத் தள்ற?"

"வெளிய நின்னுக்கிட்டுச் சொல்றது ஈசிண்ணே!"

சுவர் எழும்பிய பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். பெரியண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் கதவின் அடியில் கடப்பாரையைக் கொடுத்துக் கீலிலிருந்து நெம்பிக் கழற்ற, கதவோடு சேர்ந்து தம்பியும் வெளியே வந்து விழுந்தான். அண்ணன் அவனைத் தூக்கி நிறுத்தி, முட்டியில் அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

சின்னண்ணிக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. வாசற்படி ஓரத்து மண்ணைக் கிள்ளிப் பிசைந்தாள். சுவரடி வரைக்கும் கிள்ளிக்கொண்டே போனாள். ஓட்டை வழியாக அண்ணன் பக்கம் நுழைந்து, அங்கேயும் சுவரின் ஓரத்தில் குனிந்தாள். திரும்பி வந்தபோது அவள் கை முழுக்கச் சேறு.

"மாமா, அந்தப் பக்கம் தெருவோரமா தண்ணி விட்டது நீங்களா?"

"எந்தப் பக்கம்?" என்று அண்ணன் கடப்பாரையைத் துடைத்தார்.

"அங்க மண்ணு சொதசொதன்னு கிடக்கு மாமா! வாசப்படி பக்கத்துல இப்படியா குடம் குடமா கொட்டுவாங்க? வீட்டு அஸ்திவாரத்தையே தூக்கிடாதா? நான் நடுவுல மட்டும், அளந்து, கணக்குப் போட்டுப் போட்டு ஊத்திட்டு வர்றேன், நீங்க பாட்டுக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பி திறந்த வாயை மூடவில்லை. நான் தெருப்பக்கம் பார்த்தேன்.

அண்ணன், தம்பியின் முகத்தைப் பார்க்காமல், அவன் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும்மா. மொட்டை மாடியிலேர்ந்து தினம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ ஊத்தறது பத்தாதுன்னு பட்டுச்சு. இந்த வேகத்துல போனா சுவரு விழ அடுத்த வருஷம் ஆயிடும். அது வரைக்கும் இவன்கிட்டப் பேசாம என்னால இருக்க முடியாதும்மா."