அழகுக்கு விட்ட இடைவெளி

ரமாபாய் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் அப்பா பீம்ராவுக்கு இன்றுவரை புரியவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் முப்பது வருஷம் மூட்டை ஏற்றி இறக்கிய மனுஷன் அவர். தோளில் ஏற்றினால்தான் அவருக்குச் சரக்கு. மகளோ திருவொற்றியூரில் ஒரு கடையின் மாடியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊரான் விற்கிற பொருளையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறாள். வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. பின்னே எதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று வியாசர்பாடி வீட்டில் அவர் கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அவருக்குப் புரியாவிட்டால் போகட்டும், நமக்குப் புரிய வேண்டும். கடை சுகிர்தம் அம்மாளுடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பாத்திரம், பிளாஸ்டிக், வீட்டுச் சாமான் என்று மொத்த வியாபாரம். கொரோனாவுக்குப் பிறகு ஆன்லைனிலும் விற்க ஆரம்பித்தார்கள். எதை விற்றால் ஓடும், யாரிடம் வாங்கினால் வம்பில்லை என்று முன்கூட்டியே துருவிப் பார்த்துச் சொல்வதுதான் ரமாபாயின் வேலை.

முதல் வருஷம் நாய் படாத பாடு பட்டாள். கம்ப்யூட்டரில் முப்பது பக்கத்தை ஒரே நேரத்தில் திறந்துவைத்து, ஒன்றைப் பார்த்து இன்னொன்றை மறந்து, நோட்டில் கிறுக்கி, கிறுக்கியதே மறுநாள் அவளுக்குப் புரியாமல் போகும். ஒரு மிக்ஸியைப் பற்றி முடிவு சொல்ல மூன்று நாள் ஆகும். அப்புறம்தான் ஷீட் போட ஆரம்பித்தாள். ஒரு பொருளுக்கு ஒரு வரிசை. பெயர், விலை, எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், சரக்கு எங்கிருந்து வரும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. வாங்கலாம் என்றால் பச்சை, வேண்டாம் என்றால் சிவப்பு. மூன்று நாள் வேலை அரை நாளில் முடிந்தது. சுகிர்தம் அம்மாள் வாயிலிருந்து பாராட்டு வருவது கஷ்டம். அவரே அந்த ஷீட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளை கெட்டிக்காரி என்று கடைப் பையன்களிடம் சொன்னார்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான். நட்சத்திரத்தை அவள் நம்பவே மாட்டாள். ஐந்து நட்சத்திரத்தைக் காசு கொடுத்து எழுத வைக்கலாம், ஆனால் வாங்கி ஏமாந்தவன் வயிறெரிந்து எழுதுவது பொய்யாக இருக்காது என்பது அவள் கட்சி. அதற்காகவே ஷீட்டின் கடைசியில் ஒரு பத்தி வைத்திருந்தாள். அதன் தலைப்பு 'திட்டு'. எந்தப் பொருளை எப்படித் திட்டியிருக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் படித்து, ஒரே வரியில் அங்கே போடுவாள். பச்சையா சிவப்பா என்று முடிவு செய்வது அந்தப் பத்திதான்.

வினையும் அங்கேதான் வந்து உட்கார்ந்தது. போன ஐப்பசியில், வீட்டில் கேஸ் கசிந்தால் கத்துகிற சின்ன மிஷின்களைப் பற்றி ஷீட் போட்டாள். நாற்பது மிஷின், நாற்பது வரிசை. எல்லாம் நெருக்கமாக இருக்கிறதே, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று திட்டுப் பத்திக்கு முன்னால் ஒரு பத்தியைக் காலியாக விட்டாள். கணக்கு எழுதத் தெரிந்தவர்களே செய்கிற தப்பு இது. பிறகு விலைப்படி வரிசை மாற்றச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினாள். கம்ப்யூட்டருக்கு அழகு தெரியுமா என்ன? காலி இடத்தோடு ஷீட் முடிந்துவிட்டது என்று அது நினைத்துக்கொண்டது. இடது பக்கத்து நாற்பது பெயரும் இடம் மாறின. வலது பக்கத்துத் திட்டுகள் இருந்த இடத்திலேயே நின்றன. ஒருவனுக்கு விழுந்த திட்டு இன்னொருவன் பக்கத்தில் நின்றது. அவள் கவனிக்கவில்லை. நான்கு நிமிஷம் நிதானமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லையே.

அப்படித்தான் நல்ல மிஷின் ஒன்று சிவப்பு வாங்கி ஒதுங்கியது. 'டப்பா நசுங்கி வந்தது, மற்றபடி சரி' என்ற திட்டுக்கு நேரே ஒரு ஊமை மிஷின் வந்து நின்று பச்சை வாங்கியது. சுகிர்தம் அம்மாள் முந்நூறு தருவித்தார். வந்ததும் ஒன்றை எடுத்துப் பட்டனை அழுத்திப் பார்த்தார். கடையே அலறும்படி கத்தியது. எல்லோருக்கும் திருப்தி. பட்டனுக்குக் கத்தும், கேஸுக்குக் கத்தாது என்று யாருக்குத் தோன்றும்?

முதல் மிஷினை ரமாபாய் தன் காசில் வாங்கி எண்ணூருக்கு எடுத்துப் போனாள். அங்கே அவள் தங்கை செங்கொடி இருந்தாள். அவள் புருஷன் எழிலன் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, நான்கு வயதில் மாயா என்று ஒரு பெண். கழிமுகத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு. அடுப்பும் சிலிண்டரும் படுக்கையும் எல்லாம் அதற்குள்தான்.

அந்தப் பக்கத்து நாற்றத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காற்று திரும்பினால் ஒரு நாற்றம், திரும்பாவிட்டால் வேறொரு நாற்றம். எந்தக் கம்பெனி விடுகிறது என்று கேட்டால் எவனும் சொல்ல மாட்டான். நாற்றம் வந்தால் தெருவில் எல்லோரும் கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி திணித்து உட்கார்ந்துகொள்வார்கள். அது அங்கே பழக்கம். ரமாபாயின் பயமே அதுதான். வீட்டு கேஸ் கசிந்தால் திறக்க வேண்டும், வெளி நாற்றம் வந்தால் சாத்த வேண்டும். பழகிப்போன மூக்குக்கு எது எது என்று எப்படித் தெரியும்? ஒருநாள் தங்கை மாற்றிச் செய்துவிட்டால் வீட்டோடு போய்விடுவார்களே என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம்.

அதற்காகத்தான் மிஷின். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தன் கையாலேயே மாட்டினாள். மாட்டிவிட்டுத் தங்கைக்கு ஒரே வரியில் பாடம் சொன்னாள். "மிஷின் கத்துனா நம்ம வூட்டுது, எல்லாத்தியும் தொற. கத்தலன்னா கம்பெனி நாத்தம், எல்லாத்தியும் சாத்து. அவ்ளோதான்."

செங்கொடிக்கு அதில் என்ன பெருமை! அக்கா ஆயிரம் பேர் எழுதியதைப் படித்துப் பொறுக்கி எடுத்த மிஷின் என்று தெரு முழுக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் முதலில் வாங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பேர். ஏழு வீட்டுச் சுவரில் ஏழு பச்சை விளக்கு எரிந்தது. அக்காவின் பாடத்தையும் செங்கொடியே வீடு வீடாக ஒப்பித்துவிட்டு வந்தாள்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு ரமாபாய் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வாட்ஸப்பில் தங்கையின் குரல் வந்தது. விடியற்காலையிலிருந்து தெரு பூராவும் நாற்றம், மாயா இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள், எழிலன் வேலைக்குப் போய்விட்டான் என்றாள். "மிஷின் கம்முனு கீதுக்கா. அதான் எல்லாத்தியும் சாத்திட்டு கொழந்தையோட படுத்துகினு கீறேன்." ரமாபாய்க்கு நிம்மதி. கூட்டத்தில் ஒரு கையால் பதில் அடித்தாள்: சாத்தியே வெய், நாத்தம் போனப்புறம் தொற.

அவள் எழுதியதுதான். வேறு யாரும் எழுதவில்லை.

பத்தே முக்கால் மணிக்குக் கடை மாடியில், தங்கள் பொருளுக்கு வந்த புதிய திட்டுகளைப் படிக்க உட்கார்ந்தாள். தினமும் செய்கிற வேலை. கேஸ் மிஷினுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: பட்டனை அழுத்தினால் கத்துகிறது, கேஸைத் திறந்துவிட்டுப் பார்த்தேன், கத்தவில்லை. இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தியது. ஐப்பசி மாத ஷீட்டைத் திறந்து தேடினாள். இருந்தது. அவள் கையால் எழுதிய வரி, 'பட்டனுக்கு மட்டும் கத்துது, கேஸுக்கு இல்ல' என்று, வேறொரு கம்பெனி மிஷினுக்கு நேரே. அந்த மிஷினின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள். அப்படி ஒருவரும் அங்கே திட்டவில்லை. தாங்கள் வாங்கிய மிஷின் இன்னொரு தளத்தில் விற்கிற பக்கத்தைத் திறந்தாள். ஒருவர் இல்லை, ஒன்பது பேர் அதையே எழுதியிருந்தார்கள்.

அப்போதுதான் நடுவில் இருந்த காலிப் பத்தி அவள் கண்ணில் பட்டது. போனை எடுத்துச் செங்கொடிக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எழிலனுக்குப் போட்டாள், வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அணைந்திருந்தது. மறுபடி செங்கொடி.

சுகிர்தம் அம்மாள் கீழே கல்லாவில் இருந்தார். ரமாபாய் அவரிடம் மென்று விழுங்கவில்லை. ஷீட்டில் தப்புப் பண்ணிவிட்டேன், அந்த மிஷின் கேஸுக்குக் கத்தாது, என் தங்கை வீட்டில் மாட்டியிருக்கிறேன், அவள் கதவைச் சாத்திப் படுத்திருக்கிறாள், போன் எடுக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். வேலை போகும் என்று அந்த நேரத்தில் அவளுக்கு நினைப்பே இல்லை. அம்மாள் முகம் வெளுத்துப்போனது. திட்டுவார் என்று கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் ஆர்டர் லிஸ்டை எடுத்து முன்னால் வைத்தார். "நீ கெளம்பு மொதல்ல. வாங்குன ஆளுவளுக்கு நான் ஒவ்வொண்ணா போன் போடுதேன். நிக்காத."

ஆட்டோ நெடுஞ்சாலையில் ஏறியதுமே நின்றது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வால் பிடித்து நின்றன. ஓட்டுநர் இடுக்கில் புகுந்து புகுந்து பார்த்தார், ஓரிடத்தில் அதற்கும் வழியில்லை. ரமாபாய் இறங்கி லாரிகளுக்கு நடுவே ஓடினாள். ஓடிக்கொண்டே போட்டாள். ஒன்பது முறை, பத்து முறை. எண்ணூரை நெருங்க நெருங்க நாற்றம் தொண்டையில் இறங்கியது. ஊரே நாறுகிறதே, இதற்குள் அந்த ஒற்றை அறை நாற்றத்தை யார் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பதினோராவது முறை செங்கொடி எடுத்தாள். நாக்குத் தடித்த குரல். தலை பாறையாகக் கனக்கிறது, குழந்தை எழுப்பினால் எழவே மாட்டேன் என்கிறாள், ஒரு டீ போட்டுக் குடித்தால் சரியாகும் என்று எழுந்திருக்கிறேன் என்றாள்.

"அடுப்பாண்ட போவாத," என்றாள் ரமாபாய். "லைட்டும் போடாத. கொழந்தைய தூக்கினு கதவ தொறந்து வெளிய வா. இப்பவே."

வெளியே நாற்றம் இன்னும் போகவில்லை, மிஷின்கூடக் கத்தவில்லையே என்று செங்கொடி இழுத்தாள்.

"மிஷின் தப்பு. நான் சொன்னது தப்பு. உன் கால்ல வுழறேன், வெளிய வாடி."

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் போனில் கேட்டது. பிறகு மாயாவின் இருமல். அந்த இருமலைக் கேட்டுவிட்டு ரமாபாய் ஒரு லாரி டயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அதற்கு மேல் இரண்டு நிமிஷம் அவளால் ஓட முடியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது செங்கொடி தெருக்குழாய் அருகில் உட்கார்ந்திருந்தாள். மாயா மடியில் கிடந்து சிணுங்கிக்கொண்டிருந்தாள், யாரோ மூஞ்சியில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ரமாபாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் சிலிண்டரை மூடினாள். ரெகுலேட்டருக்குக் கீழே டியூபை எலி கடித்திருந்தது. சுவரில் பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே வந்தாள். செங்கொடி அவளைத் திட்டவில்லை. "நீதானக்கா சாத்தியே வெய்னு போட்ட," என்று மட்டும் கேட்டாள், நிஜமாகவே புரியாதவளாக.

நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் மிஷின் மாட்டிய மற்ற ஆறு வீடும் சாத்தியிருந்தன. இடுக்கில் எல்லாம் ஈரத்துணி.

சொக்கம்மாள் வீட்டு ஜன்னலைத் தட்டினாள். வெகுநேரம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திறந்தது. சொக்கம்மாளுக்கு இழுப்பு, மூக்கில் முந்தானையைப் பொத்தியிருந்தாள். ரமாபாய் கையெடுத்துக் கும்பிட்டு, மிஷின் வேலை செய்யாது, நம்பாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டு ஒருமுறை சிலிண்டரைப் பாருங்கள் என்று கெஞ்சினாள். சொக்கம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"கத்துனா தொற, கத்தலன்னா சாத்துன்னு உன் தங்கச்சிதான் சொல்லிக் குடுத்துச்சு. அது கம்முனுதாம்மா கீது. நீ போ, நாத்தம் உள்ள வருது."

ஜன்னல் சாத்திக்கொண்டது. கொக்கி விழுந்தது. உள்ளே சமையலுக்கு நேரமாகிவிட்டது போலும், லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை, மறுமுறை. ரமாபாய் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். அடுப்புப் பற்றிக்கொண்டது. ஒன்றும் ஆகவில்லை.

அவள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். இன்னும் ஐந்து வீடு இருந்தது.