உங்களுக்கு முன் ஒருவர்

"கிடங்குக்குள்ள இருக்கிறவன் பொண்டாட்டிக்கு இன்னொரு கல்யாணம் கேக்குதா?"

"அவர் செத்து பதினோரு மாசம் ஆச்சு அத்தே! நீங்களும்தான அழுதீங்க?"

"அப்ப இது என்னடி சொல்லுது?"

மாமியார் 'இது' என்றது, செத்துப்போன மகனின் வேலை அட்டையை. நம்பினால் நம்புங்கள். அன்று காலை பக்கத்து வீட்டில் சுவரோடு காதை வைத்திருந்தவள் நான். மிச்சத்தை நான் துருவித் துருவிக் கேட்க, மருமகளே சொன்னாள்.

அந்த அட்டையில் எழுத்து, காகிதத்தில் அச்சடித்ததுபோல் நிற்கும். மின்சாரமே வேண்டாம். குளிர்கிடங்குக் கதவில் காட்டினால்தான் 'உள்ளே', 'வெளியே' என்று மாறும். மகன் உள்ளே மாட்டி விறைத்துப் போனபோது, பின்சுவரை அறுத்துத்தான் தூக்கினார்கள். கதவில் யாரும் அட்டையைக் காட்டவில்லை. அதனால் அது 'உள்ளே' என்றே நின்றுவிட்டது. மாமியார் அதை அலமாரியில் சாத்தி வைத்து, லாரி டிரைவரைக் கட்டிக்கொள்ளத் துடித்த மருமகளை அதைக் காட்டியே மடக்கிக்கொண்டிருந்தாள்.

மருமகளுக்கும் அதே கிடங்கில், புருஷன் பார்த்த அதே வேலை. அன்று பிற்பகல் 2:10. பெட்டி எண்ண உள்ளே போனாள். தனியாகத்தான்.

2:25. கதவில் தன் அட்டையைக் காட்டினாள். முதலில் வந்தவர்தான் முதலில் வெளியேறலாம் என்பது அங்கே சட்டம். பதினோரு மாதமாக ஒரு நாளும் தகராறு செய்யாத கதவு.

திறக்கவில்லை. அட்டையில் எழுத்து மெல்ல மாறியது.

'உங்களுக்கு முன் ஒருவர்.'

அபாய மணியை அழுத்தினாள். சத்தமே இல்லை. செல்போன் வெளியே, பையில்.

2:38. விரல்கள் மரத்துவிட்டன. பெட்டிகளுக்குப் பின்னால்... சரக்... சரக்... இடது காலை இழுத்து இழுத்து...

அவளுக்குத் தெரிந்த நடை.

"போங்க..." பற்கள் தந்தியடித்தன. "நீங்க போனாத்தான் நான் போக முடியும்..."

சரக்.

பக்கத்தில்.

2:52. கதவு திறந்தது. யாருமில்லை. மூடிக்கொண்டது.

'நீங்கள் போகலாம்.'

சாயங்காலம் மாமியார் போட்ட கூச்சலில் ஓடினேன். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன், அது வேறு. அலமாரியில் இருந்த அட்டையில், 'வெளியே 2:52'. அதற்கப்புறம் மாமியார் கல்யாணப் பேச்சுக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அடுத்த மாதமே டிரைவரைக் கட்டிக்கொண்டு மருமகள் வெளியூர் போய்விட்டாள். போய் இறங்கியதும் எனக்குத்தான் முதல் போன்.

"இப்பதான்க்கா, பத்து இருபதுக்கு, புது வீட்டுக்குள்ள வந்தோம்."

நான் அப்போது மாமியார் வீட்டில், அந்த அட்டை இருந்த அலமாரி முன்னால்தான் நின்றிருந்தேன்.

'உள்ளே 10:20.'