மூன்றாவது டைரக்டரி

கட்டளை கொடுப்பதற்கு முன் வெயிலுமுத்து சுட்டுவிரலைக் கணினித் திரையில் வைத்து, கோப்புப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இறங்குவார். புரோகிராம் எழுதி வைத்திருக்கும் இடத்தில், கம்பைல் ஆகி இயந்திர மொழியில் வந்த கோப்பு ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. “டெஸ்டுக்கு ஒரு டைரக்டரி, வார்டுக்கு ஒரு டைரக்டரி. ரெண்டும் ஒட்டவே கூடாதுவே.” ‘மேக்’ என்ற கம்பைல் கருவிக்கு அவர் எழுதிய குறிப்பான மேக்ஃபைல், சோதனைக் கோப்புகளையும் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகிறவற்றையும் அப்படித்தான் பிரித்துப் போடும்.

தாராவியிலிருந்து கோவண்டி வழியாக ரயிலில் கோபர்கைரனேக்கு வேலைக்கு வருகிறார். ஆஸ்பத்திரி ட்ரிப்ஸ் பம்புக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி எங்களுடையது. டிபன் டப்பாவிலும் சோறு தனி, குழம்பு தனி. முன்பெல்லாம் கேலி செய்வேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. சோதனையின்போது சத்தம் தாங்காமல், எழுதியதைத் தொடாமல் கட்டளையிலேயே பம்பின் அலாரத்தை ஊமையாக்கிக் கம்பைல் செய்தார். அடுத்து வார்டுக்கான கம்பைல். மேக்குக்குக் கோப்பு கடைசியாக மாறிய நேரம் மட்டும்தான் கணக்கு. எழுதியது எதுவும் மாறவில்லை என்று, அந்த ஊமைக் கோப்பையே எடுத்துச் சேர்த்துவிட்டது. கோவண்டியில் ஒரு நர்ஸிங் ஹோமில் மருந்து தீர்ந்தபோது பம்ப் கத்தவில்லை. நோயாளி இறந்துபோனார். அலாரத்தைக் கவனிக்கவில்லை என்று நர்ஸ் சைனப்பை வேலையைவிட்டு அனுப்பினார்கள். இப்போது கோவண்டி ஸ்டேஷன் வாசலில் நைட்டி விற்கிறார். கம்பெனி வாய் திறக்கவில்லை, வெயிலுமுத்துவும் திறக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் நானும்தான் இருந்தேன்.

அந்த ஊமைக் கோப்பை மட்டும் மூன்றாவது டைரக்டரியில் வைத்திருந்தார். அந்த டைரக்டரிக்கு சைனப் என்று பெயர். பழையதை அழிக்கும் ‘கிளீன்’ கட்டளை கொடுத்தால் மற்ற இரண்டும் துடைபட்டுப் போகும், இதைத் தொடாது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கௌசிக் வந்தார். மாட்டுங்காவில் வளர்ந்தவர், சின்ன வயது.

“சார், சர்வர் மாத்தறோம். இந்த மூணாவது என்னன்னே புரியலை. ஜல்தி டெலீட் பண்ணிடுங்கோ.”

“அது ஒரு பொம்பளப் பிள்ளையோட பொழப்பு, தம்பி.”

கௌசிக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வெயிலுமுத்து அதை ஒரு பென்டிரைவில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சர்வரில் இருந்ததை அழித்தார்.

அன்று வீடு திரும்பும் ரயிலில் என்னிடம் சொன்னார்: “இன்னைக்குக் கோவண்டில எறங்கி அந்தப் பிள்ள கையில இதக் குடுத்திருதேன்வே. கேஸ் போட்டா போடட்டும்.”

தினமும் கோவண்டி வந்தால் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிற மனிதர் அன்று எழுந்து வாசல்வரை போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்கள் அவரை இடித்துக்கொண்டு இறங்கினார்கள், இடித்துக்கொண்டு ஏறினார்கள். வண்டி கிளம்பியது.

சட்டைப் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.