எட்டுச் சொட்டு

அப்பாவுக்கு நீரிழிவு என்று தெரிந்தபோது எனக்குப் பதினொரு வயது. சிம்மக்கல்லில் குடியிருந்தோம். அவர் மிஷன் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். தின்கிற சோறு உடம்புக்குள் சர்க்கரையாகிறது, அது எரிந்துதான் நாம் நடக்கிறோம், பேசுகிறோம் என்று பாடம் நடத்துபவர். தன் உடம்பில் அந்தச் சர்க்கரை சதைக்குப் போய்ச் சேராமல் மூத்திரத்தில் வீணாவதை அவரேதான் அம்மாவுக்கு விளக்கினார்.

காலைச் சோதனை அம்மாவின் வேலை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. நிறம் தெரிந்தால் போதும் என்றார் டாக்டர். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அப்பாவின் மூத்திரத்தில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறமானால் ஆபத்து. முதல் மாதங்களில் எல்லாம் செங்கல்தான். தினமும் இன்சுலின் ஊசி, ஒரு பிடிச் சோறு, மிச்சமெல்லாம் கீரை.

ஒரு நாள் அப்பா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். கையில் காலைச் சோதனைக்கு மூத்திரம் பிடித்துத் தரும் புட்டி.

“தாயி, இதுல நீ ஒண்ணுக்கு இருந்து கொண்டா. அம்மாட்ட மூச்சு விடக் கூடாது.”

“ஏம்ப்பா?”

“ஊசி தாங்க முடியல. பசிக்குது தாயி. ஒரு வாரத்துக்கு மட்டும்.”

அன்று சாயங்காலம் அல்வா வாங்கினார். பாதியை எனக்குத் தந்தார்.

ஒரு வாரம் ஒரு வருஷமானது. தினமும் காலையில் நீலம், சாயங்காலம் அல்வா. அம்மா குழாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கொண்டுபோன புட்டியைப் பார்த்து டாக்டரும் ஊசியைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

“சர்க்கரைதான் இல்லையே, பெறகு ஏன் இப்படி உருகுறீங்க?” என்று அம்மா கேட்பாள். அப்பா செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். நான் வாய் திறக்கவில்லை. பயம் என்று சொல்ல மாட்டேன். அல்வாதான்.

செருப்புக் கடித்த புண் ஆறாமல் பாதம் கறுத்தது. ஆஸ்பத்திரியில் அவர்களே சோதித்தார்கள். செங்கல். டாக்டர் வார்டு முழுக்கக் கேட்க அம்மாவிடம் கத்தினார்: “உனக்கு நிறம் தெரியுமா, தெரியாதா?”

அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். கட்டிலில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

இழவு வீட்டில் அத்தை சொன்னாள், “தற்குறி கையில எந்தம்பி உசுரக் குடுத்தாங்களே!” அம்மா அதை நம்பினாள்.

எனக்குக் கல்யாணமாகி, முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“அம்புட்டுப் பேரு முன்னால அந்த டாக்டரு என்னைக் கேட்டப்ப, நீயும் பக்கத்துலதானேடி நின்ன?” என்றாள்.

அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பார்க்க வருவாள், போவாள். என் வீட்டில் கை நனைத்ததில்லை.